ஒன்பதாம் மாடிச் சேலைக் கம்பும் ஒரு ‘பேக்கா’வும்

சொக்ஸ்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே என் ஃபோர்மன் ரோய் விழுந்து செத்திருக்க வேண்டியவர். காரணம் வேறொன்றுமில்லை, என் மரியாதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரு பழைய அபார்ட்மெண்ட் கட்டடம், பதினேழு மாடி. பல்கனிகளில் கொங்கிறீற் உதிரத் தொடங்கியிருந்தது. பழுதானதை உடைத்து, கறள் பிடித்த கம்பியை மாற்றி, மறுபடி வார்ப்பது எங்கள் வேலை. சுவிங் ஸ்டேஜில் நின்றுதான் செய்ய வேண்டும். சுவிங் ஸ்டேஜ் என்பது றூஃபிலிருந்து, அதாவது மொட்டைமாடியிலிருந்து, இரண்டு கம்பிக் கயிற்றில் தொங்கும் ஒரு நீளத் தட்டு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு மோட்டர். முனைக்கு ஒருவராக நின்று பட்டனை அமர்த்தி ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அது போக, ஆளுக்கு ஒரு தனிக் கயிறும் உண்டு. இடுப்பு பெல்ற்றை அதில் கொளுவியிருக்க வேண்டும். அதன் பெயர் லைஃப்லைன். மேலே நின்று இந்தக் கயிறுகளையெல்லாம் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுப் பார்ப்பவன் றூஃப்மன். அந்த வேலைதான் எனக்குக் கிடைத்திருந்தது.

கயிறு சுவர் விளிம்பில் உராயாமல் இருக்க அடியில் ஒரு றப்பர் விரிப்பு வைப்போம். அன்று காலை ரோயின் லைஃப்லைனுக்குக் கீழே இருந்த விரிப்பு விலகிப் போயிற்று. ரோய் நாலாம் மாடியில் கிறைண்டர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அசைகிற ஒவ்வொரு முறையும் கயிறு வெறும் கொங்கிறீற்றில் தேய்ந்தது. நூல் பிரியத் தொடங்கியதை என் கண்ணாலேயே கண்டேன். இனி அவரை நிறுத்தித்தான் கயிற்றை மாற்ற வேண்டும்.

கத்தியிருக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அவர் என் போஸ், என்னைவிட மூத்தவர், அதிலும் வேலையில் மும்முரமாக இருந்தவர். மேலே நின்று அவரைப் பார்த்து ‘நிற்பாட்டு’ என்று எப்படிக் கத்துவது? நான் எலிவேற்றரில் நாலாம் மாடிக்கு இறங்கினேன். சரியான கதவைத் தட்டினேன். ஒரு சோமாலிப் பெண்மணி திறந்தார். விஷயத்தைச் சொல்லி, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய கார்பெற்றில் சொக்ஸோடு நடந்து போய்ப் பல்கனிக் கதவை மெதுவாகத் திறந்தேன். கிறைண்டர் சத்தம் நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

“எக்ஸ்கியூஸ் மீ, சேர்” என்றேன்.

ரோய் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். நான் கயிற்று விஷயத்தைச் சொன்னதும் மேலே அண்ணாந்து பார்த்தார்.

“ஹவ்வா” என்றார், மெல்லிய குரலில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரோய் என்னோடு பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். அவரை யாழ்ப்பாணத்தாராக்கியதற்கு அவர் கோபிக்க மாட்டார், சிரிப்பார். ஆனால் ‘ஹவ்வா’ இங்கிலீஷ் இல்லை. அது அவர்களுடையது. ரோய் ஒஜிப்வேக்காரர், கனடாவின் பூர்வகுடி. மானிட்டூலின் தீவில் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலமான ஒரு றிசேர்வில் பிறந்தவர். அந்த ஒரு ‘ஹவ்வா’வில் எங்களுடைய ‘ஐயோ’, ‘அட கடவுளே’, ‘என்னடா இது’ மூன்றும் அடக்கம்.

விரிப்பைச் சரிசெய்து கயிற்றை மாற்றிய பிறகு என்னை றூஃபில் இருத்தி விசாரித்தார்.

“ஏன் கத்தேல்லை?”

“நீங்கள் வேலையா இருந்தனீங்கள், சேர்.”

“கயிறு அறுந்திருந்தா?”

நான் அவிழ்த்துப் போட்ட பழைய கயிற்றைப் பார்த்தேன்.

“சரி, சப்பாத்தை ஏன் கழட்டினனீ?”

“கார்பெற், சேர்.”

கூட நின்ற டெல்மா வாளியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். டெல்மா எங்கள் குழுவின் மற்ற மோட்டர் ஆள். ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து கிறீ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தவள், கிட்டத்தட்ட என் வயது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வரவில்லை. அன்றிலிருந்து என் பெயர் சொக்ஸ். குணரத்தினம் என்று பெற்றோர் ஆசையாக வைத்த பெயரை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் உச்சரித்ததில்லை.

ரோய் சிரிக்கவில்லை. “இந்த பில்டிங் முடியும் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள என்னைப் பாத்துக் கத்தப் பழகு. பழகாட்டி வேற ஆளைப் போடுவன். நீ கெட்டவன் இல்லை. ஆனா சத்தம் போடாத ஆளை மேல விட்டிட்டு நான் கீழ தொங்கேலாது” என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு ரெஸ்ரோரண்டின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். பனிக்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு வருவேன். இந்த வேலையில்தான் ரொறன்ரோவுக்கு வானம் ஒன்று இருப்பதையே கண்டேன். வேலை போனால் மறுபடி அந்த அறைதான். அதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை.

பால் வைத்துப் பூனை கூப்பிடுதல்

ரோயின் ஸ்டேஜில் ஒரு வழக்கம். காலையில் மோட்டர் உயிர் பெற்றதிலிருந்து பின்னேரம் வரை யாராவது எதையாவது சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெரிய கொங்கிறீற் துண்டு ஒன்று சுளையாகக் கழன்றால் “எவர் டெட்லி!” அதாவது, அற்புதம். புறா எச்சத்தில் கை பட்டால் “எவர் சிக்!” ரோய் வியந்தால் “ஹவ்வா!”, டெல்மா வியந்தால் “வஹ்வா!” அது கிறீக்காரர் சொல்வது. தங்களிடமிருந்துதான் கிறீக்காரர் வியக்கவே பழகினார்கள் என்று ரோய் சொல்வார். டெல்மா அதைத் திருப்பிச் சொல்வாள். யாழ்ப்பாணத்தாரையும் மட்டக்களப்பாரையும் ஒரே மேசையில் இருத்திய மாதிரி இருக்கும்.

ஒருவர் பச்சைப் பொய்யாகப் பகிடி விட்டால் கடைசியில் “ஏஏய்ய்” என்று ஒரு இழுவை வரும். அது வந்தால் சொன்னதெல்லாம் விளையாட்டு, மனதில் வைக்காதே என்று அர்த்தம். முதல் மாதம் எனக்கு அந்த இழுவை விளங்கவில்லை. இவர்கள் என்னை நாள் முழுக்க அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இரவில் கொதித்துக்கொண்டு படுப்பேன். டெல்மாதான் ஒருநாள் விளக்கினாள்.

“நாங்கள் ஒருத்தரைப் பகிடி பண்ணேல்லையெண்டா அவரைப் பிடிக்கேல்லை எண்டு அர்த்தம். உன்னை நாங்கள் ஒரு நாளும் விட்டு வைக்கேல்லை. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

இந்தச் சத்தத்தில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. சத்தம் நின்றால் ஏதோ பிழை. உடனே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமானவை ரோயின் பாஷையில் இரண்டு சொற்கள். ‘அம்பே’ என்றால் சரி, வா, போகலாம். ‘பேக்கா’ என்றால் பொறு. பேக்கா என்று யார் சொன்னாலும், யாருக்குச் சொன்னாலும், கை பட்டனை விட்டுவிட வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்கலாம். நேற்று வந்தவன் சொன்னாலும் சட்டம் அதுதான்.

தினமும் வேலை தொடங்க முன் டெல்மா என்னை றூஃபின் மூலைக்குக் கூட்டிப் போவாள்.

“கத்து.”

“பேக்கா.”

“சொக்ஸ், பூனைக்குப் பால் வைச்சிட்டுக் கூப்பிடுற மாதிரி இருக்கு. கத்து!”

“பேக்கா!”

“இப்ப பூனை வரும். மோட்டர் நிக்காது.”

எனக்கு ஏன் குரல் வரவில்லை என்று நானே யோசித்திருக்கிறேன். மரியாதை ஒரு பக்கம். மற்றது, நான் வந்த வழி. ஊரில் ஆமிக்காரரின் சென்றியில், கொழும்பு லொட்ஜில், பிறகு எத்தனையோ விமான நிலையங்களில், வாயை மூடிக்கொண்டு நின்றதால்தான் உயிரோடு வந்து சேர்ந்தேன். ஒருநாள் இதை ரோயிடம் சொன்னேன். அவர் கோப்பிக் கப்பைக் கீழே வைத்தார்.

“என்னை வீட்டிலயிருந்து பிடிச்சுக்கொண்டு போய்க் கவர்மென்ற் போர்டிங் பள்ளிக்கூடத்தில போட்டவங்கள். எங்கட பாஷையில ஒரு சொல்லுச் சொன்னா அடி. சின்ன வயசில நான் பேசினதை விட முழுங்கினதுதான் கூட. இப்ப பார், இந்த சிற்றிக்கு மேல நிண்டு நாள் முழுக்கக் கத்துறன். காசும் தாறாங்கள்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏஏய்ய்” என்று இழுத்தார்.

ஆனால் அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

சம்பல்

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரோய் பானக் கொண்டு வருவார். அது அவர்கள் வீட்டு ரொட்டி, தடிப்பாக இருக்கும். நான் எங்கள் ரொட்டியும், மிளகாய் அள்ளிப் போட்டு இடிச்ச சம்பலும் கொண்டு போவேன். ஒருநாள் ரோய் தன் பானக்கைப் பிய்த்து என் சம்பலில் தாராளமாகத் தோய்த்து வாயில் போட்டார். நான் தடுக்க வாயெடுத்தேன். வழக்கம்போல் சத்தம் வரவில்லை.

“ஹவ்வா! ஹவ்வா!” என்று எழும்பி நடந்தார். முகம் சிவந்து, கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. டெல்மா தண்ணீர் கொடுக்காமல் ரசித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “ரோய் அண்ணை, அழாதேங்கோ. நான் இன்னும் வேலையை விட்டுப் போகேல்லை” என்றேன். ‘அண்ணை’யைத் தமிழில்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, பயத்தோடு, “ஏஏய்ய்” என்றும் சேர்த்தேன்.

டெல்மாவும் ரோயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ரோய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டடத்தில் ஒருத்தர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். “எவர் டெட்லி, சொக்ஸ்!” என்று என் முதுகில் போட்டார் ஒன்று. அடுத்த நாளிலிருந்து ‘சேர்’ போயிற்று, ‘அண்ணை’ வந்தது. அவரும் கையில் சுத்தியல் பட்டால் ‘ஐயோ’ என்று சொல்லப் பழகினார். நல்ல உச்சரிப்பு. எங்கள் ஆட்களே அவ்வளவு மனதாரச் சொல்வதில்லை.

பகிடி வந்துவிட்டது. கத்தல்தான் வரவில்லை. கட்டடமோ முடிந்துகொண்டு வந்தது.

பெரிய முதலாளி இறங்குகிறார்

வேலை கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஒரு செய்தி வந்தது. அடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்களும் அதே சொந்தக்காரருடையவை. அவற்றையும் எங்களுக்கே கொடுப்பதா, வேறு கொம்பனிக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்ய அவருடைய என்ஜினியர் வருகிறார். ஸ்டேஜில் இறங்கிப் பார்ப்பாராம். எங்கள் கொம்பனியின் பெரிய முதலாளியும் வந்துவிட்டார். பருத்த, சத்தமான மனிதர். டெல்மாவின் மோட்டரைத் தானே பிடிப்பேன் என்று நின்றார்.

“நீங்கள் எல்லாம் பிறக்க முந்தி நான் ஸ்டேஜ் ஓட்டினவன்” என்றார்.

ஆகவே இடது மோட்டரில் ரோய், வலது மோட்டரில் முதலாளி, நடுவில் என்ஜினியர். டெல்மா கீழே ஆட்கள் நடக்காமல் கயிறு கட்டிக் காவல். நான் மேலே. நல்ல வெயில், நாலைந்து நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். அதுதான் வில்லங்கம்.

பல்கனியில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று. ஆனால் அங்கே குடியிருந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் வெயிலைக் காட்டிவிட்டுச் சேலை காயப் போடாதே என்று சொல்ல முடியுமா? ஸ்டேஜ் பத்தாம் மாடியைத் தாண்டும்போது, நான் பெல்ற்றைக் கொளுவிக்கொண்டு விளிம்பில் எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு நீளக் கம்பு வெளியே வந்துகொண்டிருந்தது. அடுத்து ஒரு மஞ்சள் சேலை, அதற்கு அடுத்தது ஒரு ஊதாச் சேலை. கம்பு நேரே முதலாளி நின்ற முனைக்குக் கீழே. தட்டில் நிற்பவர்களுக்குத் தட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டெல்மாவைப் பார்த்தேன். அவள் உள்ளே வந்த ஒரு வானைத் திருப்பி அனுப்பிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்து நின்றாள்.

அந்த முனை கம்பில் குந்தினால் அந்தப் பக்கத்துக் கயிறு தளரும். ரோயின் பக்கம் இறங்கிக்கொண்டே போகும், தட்டு சரியும். பிறகு கம்பு முறியும். முறிந்தால் தட்டின் அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்து கயிற்றில் இழுபடும்.

இந்தமுறை நான் எலிவேற்றரை நினைக்கவில்லை. மரியாதையை நினைக்கவில்லை. முதலாளியின் மொட்டைத் தலைதான் தெரிந்தது.

“பேக்கா!”

அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். ரோயின் கை அந்தக் கணமே பட்டனை விட்டது. அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, முதலில் கை விட்டது. முதலாளி அண்ணாந்து பார்த்தார், ஆனால் விரல் பட்டனில் இருந்தது. யாரடா இவன் என்கிற பார்வை.

“பேக்கா! பேக்கா! ஐயோ, பேக்கா!”

பட்டன் விடுபட்டது. ஸ்டேஜ் நின்றது. முனைக்கும் கம்புக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. கீழே டெல்மா திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் தலையில் வைத்தாள். ரோய் வெளியே வளைந்து அடியில் எட்டிப் பார்த்தார். ஊதாச் சேலை காற்றில் எழும்பி அவர் முகத்தில் அடித்தது.

“ஐயோ” என்றார் ரோய், சுத்தத் தமிழில்.

இனிக் கம்பை எடுப்பிக்க வேண்டும். குரல் திறந்த சூட்டோடு நான் தமிழுக்கு மாறினேன்.

“அன்ரி! ஒன்பதாம் மாடி அன்ரி!”

ஒரு தலை வெளியே வந்தது. “ஆர் தம்பி அது, மேல நிண்டு?”

“வேலை செய்யிற பெடியன், அன்ரி. கம்பை உள்ளுக்கு எடுங்கோ. ஆக்கள் இறங்கினம்.”

“நீர் தமிழே? எவ்விடம்?”

“கம்பை எடுங்கோ அன்ரி, பிறகு சொல்லுறன்!”

“சொன்னா என்ன குறைஞ்சு போகுதே?”

“சாவகச்சேரி!”

“சாவகச்சேரியில எவ்விடம்?”

மூன்று பேர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி ரோயைப் பார்த்து, “என்ன நடக்குது?” என்று கேட்பது எனக்குக் கேட்டது.

“பேச்சுவார்த்தை” என்றார் ரோய். “கொஞ்சம் பொறுங்கோ. இவை எங்கட ஆக்கள் மாதிரி. ஆர் பிள்ளை எண்டு தெரியாமல் ஒண்டும் நடவாது.”

மீசாலை, ஸ்ரேசனடி, இன்னாரின் மகன் என்ற மட்டில் அன்ரி திருப்தியடைந்தார். “அட, எங்கட ரத்தினத்தாற்றை பெடியன்!” என்று சொல்லிக்கொண்டே மஞ்சளையும் ஊதாவையும் உருவி, கம்பை உள்ளே இழுத்தார். நான் கீழே பார்த்தேன். ரோய் மேலே பார்த்துக்கொண்டு நின்றார், என்னுடைய சொல்லுக்காக.

“அம்பே!” என்றேன். ஸ்டேஜ் இறங்கியது.

ஆஹாவ்

தரைக்குப் போனவர்கள் எலிவேற்றரில் றூஃபுக்கு வந்தார்கள். முதலாளியின் கழுத்தெல்லாம் வியர்வை. அவ்வளவுதான், கோப்பை கழுவப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு துணிவு இருந்தது. கத்தியது சரியென்று எனக்குத் தெரியும்.

“நீயோ என்னைப் பாத்துக் கத்தினது?”

“ஓம், நான்தான்” என்றேன். சேர் போடவில்லை.

முதலாளி வாய் திறக்க முன் என்ஜினியர் ரோயிடம் கேட்டார். “அவர் கத்தின உடன நீங்கள் மேல பாக்காமலே நிப்பாட்டினீங்கள். ஏன்?”

“அதுதான் எங்கட வழக்கம். இந்த ஸ்டேஜை ஆரும் நிப்பாட்டலாம்.”

“முதலாளி ஓட்டினாலுமோ?”

“முதலாளி ஓட்டினா கட்டாயம்” என்றார் ரோய். பிறகு, முதலாளியின் முகத்தைப் பார்த்து, “ஏஏய்ய்” என்றார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, அது என்ன சொல் என்று கேட்டு, தானும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். என்ஜினியர் போகும்போது ரோயிடம் சொன்ன ஒரே வசனம்: “மற்ற இரண்டு பில்டிங்கையும் இதே ஆக்கள்தான் செய்ய வேணும்.” டெல்மா வாளியைத் தூக்கிப் போட்டுக் கூத்தாடினாள். “வஹ்வா! வஹ்வா!” என்று அவள் கத்த, நான் “ஹவ்வா!” என்று கத்த, அந்த றூஃப் ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

எல்லாரும் அடங்கிய பிறகு ரோய் என்னைப் பார்த்தார். “ஆஹாவ்” என்றார். அதற்கு, சரி, அப்படியே ஆகட்டும் என்று பொருள். “நாளைக்கு நீ ஸ்டேஜில இறங்கு. நான் றூஃபில நிக்கிறன்.”

ஃபோர்மன் ஒருவர் தன் மோட்டரைக் கொடுத்துவிட்டு, எனக்காகக் கயிறு பார்க்க நிற்பதென்பது சின்ன விஷயமில்லை. அன்று பின்னேரம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றில் இருந்தார். எனக்கு அதுவும் சந்தோசமாகத்தான் இருந்தது.

இப்போது சைட் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு

அந்த இரண்டு கட்டடமும் முடித்தோம். பிறகு பிக்கரிங், ரெக்ஸ்டேல் என்று எத்தனையோ. ஏழெட்டு வருடத்தில் எனக்கென்று ஒரு குழு அமைந்தது. பாதிப் பேர் எங்கள் ஆட்கள், பாதிப் பேர் ரோய் தன் ஊரிலிருந்து அனுப்பியவர்கள். எல்லாரும் ‘பேக்கா’ என்றுதான் கத்தினார்கள்.

எங்கள் ஆட்களுக்கு மரியாதை நன்றாகத் தெரியும். அது குற்றமில்லை. ஆனால் மூத்தவருக்கு முன்னால் வாய் திறக்காத மரியாதை வீட்டோடு இருக்கட்டும். அதை உயரத்தில் கொண்டுபோனால் ஆள் சாவார். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்களை அண்ணை என்று கூப்பிடுகிறாரா என்று பார்க்காதீர்கள். கடைசியாகச் சேர்ந்தவர் உங்களைப் பார்த்துக் கத்துவாரா என்று பாருங்கள். கத்தாவிட்டால் அவரோடு நாலு பகிடி விடுங்கள், கத்தப் பழக்குங்கள், அவர் கத்தும்போது முதலில் கையை எடுங்கள், காரணத்தைப் பிறகு கேளுங்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒன்றுமில்லாததற்குத்தான் கத்துவார். அதற்கும் நன்றி சொல்லுங்கள்.

என்னை அப்படிக் கத்தி நிறுத்தியவர்கள் ஏராளம். மழையில், வெயிலில், வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது நிறுத்தியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற நாள் வரை என் ஸ்டேஜிலிருந்து ஒருவர்கூட விழவில்லை.